முன்பக்கம் வெட்டாத சட்டை

ஒக்டோபர் 6, ஞாயிறு

கிடைத்துவிட்டது! எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

மொந்த்ரேய் பழைய சாமான் சந்தைக்குக் காலை ஏழரைக்கே போய்விட்டேன். வீடுகளைக் காலிசெய்து கொடுக்கிற ஒரு பெண் நிலத்தில் விரிப்புப் போட்டு, பழைய திரைச்சீலைகளைக் குவித்து வைத்திருந்தாள். குவியலுக்கு அடியில் ஒரு சட்டைக் கையின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நாலு விரல் அகலத் துணிதான். மங்கிய பழுப்பு, அதன்மேல் தூரிகையால் இழுத்துவிட்டதுபோல் பச்சை, இடையிடையே செங்கல் நிறம். எனக்கு அது போதும். கைப்பட்டியையும் பொத்தானையும் கண்டால் எந்த நாட்டுப் படை, ஏறக்குறைய எந்த வருடம் என்று சொல்லிவிடுவேன். மிச்சத்தையும் மெல்ல இழுத்து எடுத்தேன்.

ஆங்கிலேயப் படைக்காக நாற்பதுகளில் தைத்த காற்றுக்காப்புச் சட்டை. பிறகு பிரெஞ்சுக்காரர் இதை வாங்கி இந்தோசீனாவுக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘சொசிஸ் தோல்’, அதாவது சொசேஜின் தோல். சட்டையோடு சேர்ந்த தொப்பி, நாலு பெரிய பொக்கற், இடுப்பில் நாடா. தலையால்தான் போட வேண்டும், முன்பக்கம் திறப்பே கிடையாது. போட்டுக் கழற்றக் கஷ்டம் என்று அந்தக் காலத்துச் சிப்பாய்களே பெரும்பாலானவற்றை முன்னால் வெட்டி சிப் வைத்துவிட்டார்கள். இது வெட்டாதது! எண்பது வருடமாக ஒருவரும் கத்தரிக்கோல் வைக்காதது!

என்னிடம் முப்பத்தேழு உருமறைப்பு உடுப்புகள் இருக்கின்றன. பெல்ஜியம், போர்த்துக்கல், சுவிஸ், பழைய கிழக்கு ஜெர்மனி. ஒன்றுகூட அலுமாரிக்கு அழகாக வாங்கியது இல்லை. எல்லாம் நான் போடுகிறவை. ஆனால் இப்படி ஒன்று இதுவரை இல்லை.

முப்பத்தெட்டு.

ஒக்டோபர் 7, திங்கள்

போட்டுக்கொண்டு பாண் வாங்கப் போனேன். போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். திரும்பவும் போனேன், பட்டர் வாங்க.

ஒக்டோபர் 8, செவ்வாய்

அம்மாவுக்குப் பிரெஞ்சு விசா குத்தியாச்சு!!

நான் வேலைசெய்கிற பிரஸ்ஸிங் சலவைக் கடையில், ஒரு பெரிய மனிதரின் கோட்டுக்கு நீராவி பிடித்துக்கொண்டிருந்தபோது வவுனியாவிலிருந்து கோல் வந்தது. “நிரோ, தந்திட்டாங்கள்” என்றார் அம்மா. கூட வேலைசெய்கிற சுகிர்தா போனைப் பறித்து, “அன்ரி, குளிருக்கு நல்ல சொக்ஸ் கொண்டு வாங்கோ” என்று கத்தினாள்.

இருபத்தாறாம் திகதி வருகிறார். மூன்று மாதம் நிற்பார். பதினொரு வருடம். இருபது வயதில் அந்த வாசலை விட்டு வெளிக்கிட்டவள் நான். இப்போது முப்பத்தொன்று.

அந்தக் கோட்டைக் கொஞ்சம் கருக்கிவிட்டேன். உள்பக்கம்தான். தெரியாது.

ஒக்டோபர் 10, வியாழன்

சுகிர்தா இன்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள்.

“எயார்போட்டுக்கு இந்தச் சட்டையோடயோ போகப்போறாய்?”

“ஏன், என்ன?”

“அன்ரி வன்னியில இருந்து வந்த ஆள். இறங்கி வந்து பாக்கேக்க ஆமி உடுப்போட மகள் நிண்டா என்ன நினைப்பா?”

“இது வேற நாட்டு உடுப்பு. எண்பது வருசப் பழசு. நிறத்தைப் பார், எவ்வளவு வடிவா இருக்கு.”

“எனக்கு விளங்குது. அவவுக்கு விளங்குமோ?”

கறுப்புக் கோட்டோடு போகிறேன் என்றேன். லாச்சப்பலுக்கும் எப்போதும் கறுப்புக் கோட்டோடுதான் போவேன். எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற தெருவில் சனம் இடிபடும். பழைய துணி, கிழிந்துவிடும்.

ஒக்டோபர் 13, ஞாயிறு

சட்டையை லூசியனிடம் காட்டினேன். மொந்த்ரேய் சந்தையில் முப்பது வருடமாக இராணுவ உடுப்பு விற்கிறவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முன்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரு தையல்கூட இல்லை. “நீ எங்கே எடுத்தாய்?” என்றார். சொன்னேன். “அந்தப் பெண்ணை நான் இரண்டு முறை கடந்து போனேன்” என்று சொல்லித் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார்.

பிறகு ஒரு செய்தி சொன்னார். ஓடில் என்ற புகைப்படக்காரப் பெண் இங்கே ஒரு கண்காட்சி வைக்கிறாளாம். பழைய படை உடுப்புகளைத் தினமும் போட்டுத் திரிகிற இருபது பேரின் படம். பொம்மைக்கு மாட்டிய உடுப்பு வேண்டாம், உடுப்புக்குச் சொந்தக்காரர் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும், உடுப்பு மாற்றம் செய்யாததாக இருக்க வேண்டும். பத்தொன்பது பேர் கிடைத்துவிட்டார்கள். இருபதாவது ஆள் நான்!

நவம்பர் 24 படம் எடுக்கிறாள். ஒரு ஆள் உயரப் படம். ஒரு ஆள் உயர நான்!

புறப்படும்போது லூசியன் கேட்டார்: “உன் நாட்டு உடுப்பு ஒன்றுகூட உன்னிடம் இல்லையே? போன வருடம் நான் ஒன்று வைத்திருந்தேன், நீ திரும்பியும் பார்க்கவில்லை.”

அன்று எனக்குத் தலையிடி. வேளைக்கு வீட்டுக்கு வந்துவிட்ட ஞாபகம்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

முப்பத்தேழு உடுப்பையும் நிலவறைக்குக் கொண்டுபோனேன். இந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே ஒரு சின்ன அறை உண்டு. கம்பி கட்டி வரிசையாகத் தொங்கவிட்டேன். நாலாம் மாடிக்கும் அங்குமாகப் பதினாறு தரம் ஏறி இறங்கியதில் கால் விண்விண் என்கிறது.

சொசிஸ் தோலை மட்டும் கீழே விட மனம் வரவில்லை. ஈரம் பிடிக்கும். பழைய துவாயில் சுற்றி, சூட்கேசுக்குள் வைத்து, கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

அம்மாவுக்கு ஒரு ஊதா நிறக் குளிர்ச் சட்டை வாங்கினேன். பஞ்சு அடைத்தது, முன்னால் சிப் வைத்தது, புத்தம் புதிது, பளபளப்பு.

ஒக்டோபர் 26, சனி

வந்துவிட்டார்.

கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. ஒவ்வொரு முறையும் வேறு யாரோ வந்தார்கள். பிறகு ஒரு சின்ன மனுசி, பெரிய தள்ளுவண்டியோடு. போனில் பார்க்கும்போது இவ்வளவு சின்ன ஆளாகத் தெரியவில்லை. ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். அம்மா இடது கையால் மட்டும் என் முதுகைத் தடவினார்.

“மெலிஞ்சு போனாய்.”

“நீங்கள்தான் மெலிஞ்சு போனீங்கள்.”

“நான் எப்பவும் இப்பிடித்தான். நீ பெருத்திருப்பாய் எண்டு நினைச்சு ஒடியல், பருத்தித்துறை வடை எல்லாம் குறைச்சுக் கொண்டுவந்திட்டன்.”

குறைத்துக் கொண்டுவந்தது இருபத்தெட்டுக் கிலோ.

ஒக்டோபர் 27, ஞாயிறு

இன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுகிற நாள். அம்மாவோடு எனக்குக் கிடைத்த முதல் முழு நாளுக்கு இருபத்தைந்து மணித்தியாலம்! அம்மாவிடம் சொன்னேன். “அந்த ஒரு மணித்தியாலத்தை ஆர் தந்தது?” என்று கேட்டார். பதில் தெரியவில்லை. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

நவம்பர் 3, ஞாயிறு

ஊதாச் சட்டையைப் போட மாட்டேன் என்கிறார். “நடந்தாச் சரசரக்குது பிள்ளை. தலகணிக்குள்ள கையை விட்டமாதிரி இருக்கு.” சாறிக்கு மேலே என் பழைய சுவெற்றர், அதற்கு மேலே சால்வை. சளி பிடித்துவிட்டது.

இன்று சந்தைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வாய் என்று அம்மா கேட்டார். நித்திரை கொள்வேன் என்றேன்.

நவம்பர் 9, சனி

சொல்ல மறந்துவிட்டேன். அம்மா தனியாக ட்ராமில் போய்வரப் பழகிவிட்டார்! லா கூர்நெவ் சந்தைக்கு இரண்டு நிறுத்தம். மரக்கறிக்காரனோடு தமிழிலேயே பேரம் பேசுகிறார். அவன் அரபியில் பதில் சொல்கிறானாம். விலை இறங்குகிறதாம்.

நவம்பர் 15, வெள்ளி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

இன்று அரைநாள் வேலை. இரண்டு மணிக்கு ட்ராமிலிருந்து இறங்கினேன். எதிர்த் தரிப்பில் ஒருவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உருமறைப்புச் சட்டை, தொப்பி தலையை மூடியிருந்தது. முப்பத்தெட்டு உடுப்பு வைத்திருக்கிறவளுக்கு அதில் என்ன இருக்கிறது? ஆனால் என் கால் நின்றுவிட்டது. கண் தானாகவே கீழே இறங்கியது. அந்த ஆள் திரும்பியபோது நான் முகத்தைப் பார்க்கவில்லை. கைப்பட்டியைத்தான் பார்த்தேன். பழுப்பு, பச்சை, செங்கல் நிறம். அதற்குள்ளிருந்து வந்த கையில் ஒரு கட்டு லீக்ஸ். கட்டைவிரல் நகத்தில் மஞ்சள் கறை.

கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டினேன். வெளியே நாலு பாகை குளிர்.

“வந்திட்டியே? பார் நிரோ, லீக்ஸ் என்ன மலிவு!”

அப்போதுதான் முன்பக்கத்தைக் கண்டேன். கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் நேர்கோடாக வெட்டி, சிப் வைத்துத் தைத்திருந்தது. ஊதா நிற சிப். புத்தம் புதிது, பளபளப்பு.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் வெடித்துவிட்டேன்.

“என்னம்மா செய்து வைச்சிருக்கிறீங்கள்?”

“என்ன செய்தனான்? சிப் போட்டனான்.”

“இது என்ன சாமான் எண்டு தெரியுமோ? முன்னுக்கு வெட்டாதது உலகத்திலயே கொஞ்சம்தான் மிச்சம். அடுத்த கிழமை நான் இதைப் போட்டுப் படம் எடுக்க இருந்தனான்!”

“கட்டிலுக்குக் கீழ சூட்கேசுக்குள்ள கிடந்தது பிள்ளை. ரெண்டு இடத்தில ஒட்டுப் போட்டுக் கிடந்தது. நீ கழிச்ச உடுப்பெண்டு நினைச்சன்.”

“போடத்தான் வேணுமெண்டா தலையால போட்டிருக்கலாமே! ஏன் வெட்டினீங்கள்?”

அம்மா வலது கையைத் தூக்கிக் காட்டினார். தோள் மட்டத்துக்கு வந்தது. அங்கேயே நின்றது.

“இவ்வளவுதான் போகும்.”

“ஷெல் பட்ட நோ இன்னும் மாறேல்லையோ?”

“மாறுறதெண்டு டொக்டர் சொல்லேல்ல. பழகுறதெண்டுதான் சொன்னவர்.”

பதினொரு வருடமாகப் போனில் அம்மாவின் முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன். சிரிப்பார், சாப்பிட்டியா என்று கேட்பார். திரைக்குக் கீழே கை எவ்வளவு உயரம் போகிறது என்று நான் எப்படிக் காண்பது?

ஆனாலும் கோபம் அடங்கவில்லை. வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன்.

“இது ஆமி உடுப்பெண்டாவது தெரியேல்லையோ உங்களுக்கு?”

அம்மா லீக்ஸைக் கழுவத் தொடங்கியிருந்தார். குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

“எனக்குத் தெரியாதோ? செவ்வாய்க்கிழமை எடுத்துப் பாத்திட்டு மூடி வைச்சிட்டன். புதன்கிழமையும் எடுத்துப் பாத்திட்டு வைச்சிட்டன். நேற்று நல்ல குளிர்.”

பிறகு மறுபடி குழாயைத் திறந்தார்.

நவம்பர் 16, சனி

பேசவில்லை. லீக்ஸ் கறி நன்றாக இருந்தது. அதையும் சொல்லவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

சந்தைக்குப் போய் லூசியனிடம் சொன்னேன். வெட்டிவிட்டார் என்றதும் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டார். யார், எப்படி, எந்த நிற சிப் என்று கேட்டார். ஊதா என்றேன். ஒரு கணம் பார்த்துக்கொண்டிருந்தவர், சிரிக்கத் தொடங்கினார். அடக்க முடியாமல் சிரித்தார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

“தையல் எப்படி?” என்றார் கடைசியில்.

“கைத்தையல். நெருக்கமான தையல்.”

“இருபத்துநாலாம் திகதி கொண்டு வா. ஓடில் ஏற்க மாட்டாள். ஆனால் நான் பார்க்க வேண்டும்.”

நவம்பர் 18, திங்கள்

காலைத் தேத்தண்ணியோடு அம்மாதான் முதலில் பேசினார்.

“இன்னும் எவ்வளவு நாளைக்கு முகத்தைத் தூக்கி வைச்சிருக்கப் போறாய்? ஒரு சட்டைக்கு.”

“ஒரு சட்டை இல்லை.”

“பின்னே?”

“வாங்கோ, காட்டுறன்.”

நிலவறைக்குக் கூட்டிப்போனேன். விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்தேன். முப்பத்தேழும் வரிசையாகத் தொங்கின. அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எதிர்பார்த்தது என்ன என்று எனக்கே தெரியாது. கத்துவார் என்றா, அழுவார் என்றா?

“இவ்வளவும் உன்ரயோ?”

“ஓம்.”

“தோய்ச்சுத்தானே வைச்சிருக்கிறாய்?”

“ஓம் அம்மா.”

உள்ளே வந்தார். முதலாவதைப் பிடித்து, உது எந்த நாடு என்றார். பெல்ஜியம். இது? போர்த்துக்கல். மழை பெய்யிற மாதிரிக் கோடு கோடாக் கிடக்கே? கிழக்கு ஜெர்மனி, இப்போது அந்த நாடே இல்லை. நாடில்லையோ, உடுப்பு மட்டும் கிடக்கோ என்று வியந்தார். எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. ஒவ்வொன்றும் எங்கே கிடைத்தது, எந்த மழையில் காத்து நின்று வாங்கினேன், எதை எந்த நாளில் வேலைக்குப் போட்டுப் போனேன், எல்லாம் சொன்னேன். யாரிடமும் நான் இவ்வளவு பேசியதில்லை. பத்தாவதில் அம்மா நிறுத்தினார்.

“உதெல்லாம் எங்க படிச்சனி?”

“படிக்கேல்ல. கைப்பட்டியைப் பாத்தாத் தெரியும். பொத்தானைப் பாத்தாத் தெரியும்.”

“ஆர் காட்டித் தந்தது?”

“ஒருத்தரும் இல்லை. சின்னனில இருந்து தெரியும்.”

அம்மா அந்தச் சட்டையின் கையைப் பிடித்தபடியே நின்றார்.

“சண்டை முடிஞ்சு முகாமில ஆமிக்கு முன்னால லைனில நிக்கேக்க நான்தான் உனக்குச் சொன்னனான். அவங்கட முகத்தைப் பாக்காதை, குனிஞ்சு நில் எண்டு. ஒவ்வொரு நாளும் சொன்னனான்.”

“ஓம்.”

“நீ அப்ப அவங்கட சட்டைக் கையைப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறாய்.”

நிலவறை விளக்கு கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். அணைந்தது. நான் சுவரைத் தடவிச் சுவிட்சைப் போட்டேன். அங்கே குளிர் அதிகம். மேலே வந்து இன்னொரு தேத்தண்ணி போட்டேன்.

பின்னேரம் முப்பத்தேழையும் மேலே கொண்டுவந்துவிட்டோம். அம்மாவால் ஒரு கையால் எட்டுத்தான் தூக்க முடிந்தது. ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று, “வீட்டுக்குள்ள கட்டில் போட இடம் வேண்டாமோ?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

நவம்பர் 21, வியாழன்

பனி! காலையில் யன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு அம்மா என்னை உலுக்கி எழுப்பினார். சட்டையை மாட்டி, ஊதா சிப்பை ஒரே இழுப்பில் மேலே இழுத்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு எனக்கு முதலே கீழே ஓடினார். உள்ளங்கையில் பனியை ஏந்தி நக்கிப் பார்த்தார். “ருசி ஒண்டுமில்லை” என்று அறிவித்தார். நான் சுவிஸ் சட்டை போட்டிருந்தேன். ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் வேலைக்குப் போனேன்.

நவம்பர் 24, ஞாயிறு

எங்கே தொடங்குவது? நேற்றிலிருந்து தொடங்குகிறேன்.

நேற்று முழுக்க ஒத்திகை. என்னுடைய போர்த்துக்கல் சட்டையும் மாற்றம் செய்யாததுதான். அதைப் போட்டுக்கொண்டு படத்துக்கு நிற்கலாம், ஓடில் அதை ஏற்பாள் என்று லூசியன் போனில் சொல்லியிருந்தார். ஆகவே நான் போர்த்துக்கல், அம்மா சொசிஸ் தோல். அம்மாவை லூசியன் பார்க்க வேண்டுமே. இரண்டு பேரும் ட்ராமிலும் மெத்ரோவிலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து போனோம். எதிரே இருந்த ஒரு குழந்தை எங்களைப் பார்த்து ‘சிப்பாய்கள்’ என்றது. அம்மா அதற்கு இனிப்புக் கொடுத்தார்.

படம் எடுக்கிற கூடம் மொந்த்ரேயில், ஒரு பழைய பட்டறை. லூசியன் அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, குனிந்து சிப்பின் இருபக்கத் தையலையும் மூக்கு முட்டப் பார்த்தார். ஓடிலைக் கூப்பிட்டார். ஓடிலுக்கு ஐம்பது வயதிருக்கும், குட்டைத் தலைமயிர், சிரிக்காத முகம்.

“மாற்றம் செய்தது வேண்டாம் என்றேனே” என்றாள்.

லூசியன் சொன்னார்: “இந்தோசீனாவில் இதைப் போட்டவர்களும் இப்படித்தான் வெட்டினார்கள். இவரும் போடத்தான் வெட்டியிருக்கிறார்.”

ஓடில் என் பக்கம் திரும்பினாள். “ஏன் வெட்டினார்?”

“கை தூக்க முடியாது.”

“ஏன்?”

ஒரு வசனத்தில் சொன்னேன். பிரெஞ்சில் அது சின்ன வசனம். ஓடில் அம்மாவின் வலது கையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “ஒரு இடம்தான் இருக்கிறது. உடுப்புக்குச் சொந்தக்காரர் நிற்க வேண்டும். இந்தச் சட்டை இப்போது யாருடையது?”

ஆறு கிழமையாக நான் அந்தப் படத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். எந்தக் காலை முன்னால் வைப்பது, கையைப் பொக்கற்றில் விடுவதா என்றெல்லாம் கண்ணாடி முன் பார்த்துவிட்டேன். அதை எழுதினால் வெட்கம். ஆனால் உண்மை.

“என் அம்மாவுடையது” என்றேன்.

“என்னவாம்?” என்றார் அம்மா.

“உங்களைப் படம் எடுக்கப் போயினமாம்.”

“என்னையோ! தலை இழுக்கேல்லையே!”

பட்டறைக் கண்ணாடியில் நான்தான் தலை வாரி, கொண்டை போட்டுவிட்டேன். வெள்ளைச் சுவருக்கு முன்னால் போய் நின்றார். காலுக்குச் செருப்பும் சொக்ஸும், சாறி, அதற்கு மேலே சொசிஸ் தோல், நடுவே ஊதாக் கோடு. ஒருவரும் சொல்லாமலே இடது கையைக் கீழ்ப் பொக்கற்றுக்குள் விட்டார். ஓடில் இருபது படத்துக்கு மேல் எடுத்தாள். கடைசியில் அவளும் சிரித்தாள். அம்மா சிரிக்கவே இல்லை. கமராவை நேராகப் பார்த்தார், கடன்காரனைப் பார்ப்பதுபோல.

அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டியது. இருந்தாலும் கைதட்டினேன். கை வலிக்கும்வரை தட்டினேன்.

வெளியே வந்ததும் அம்மா, “முருங்கைக்காய் வாங்க வேணும். லாச்சப்பல் போவம்” என்றார்.

“வீட்டை போய், கோட் மாத்திக்கொண்டு போவமே.”

“ஏன்? இதுக்கென்ன?”

சனம் இடிபடும், துணி கிழியும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. போனோம்.

ஞாயிறு பின்னேரம், தெரு நிறையச் சனம். ஒவ்வொரு முகமும் எங்கள் உடுப்பில் ஒரு கணம் நின்றுதான் போனது. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்து நடந்தேன். மரக்கறிக் கடையில், முருங்கைக்காய்ப் பெட்டிக்கு முன்னால், கோவைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். அவர் கையிலிருந்த பை கீழே விழுந்தது. கோவைக்காய்கள் உருண்டன.

“உங்களுக்கெல்லாம் வெக்கமில்லையோ?” என்றார். குரல் பெரிதாக எழும்பவில்லை. “எங்கட சனம் போடுற உடுப்போ இது? அதுவும் தாயும் மகளுமா? இதைக் கண்டா எங்களுக்கு என்ன செய்யுமெண்டு தெரியாதோ?”

போவோம் என்று அம்மாவை இழுத்தேன். அம்மா நகரவில்லை.

“தம்பி, என்னைப் பாருங்கோ” என்றார். “சட்டையைப் பாக்காதைங்கோ. என்ர முகத்தைப் பாத்துக் கதையுங்கோ.”

அவர் பார்த்தார்.

“எனக்கும் செய்தது. மூண்டு நாள் சூட்கேசுக்குள்ள வைச்சு வைச்சு எடுத்தனான். எனக்கு இந்தக் கை தூக்க ஏலாது, ஏன் எண்டு உங்களுக்கு விளங்கும். இது என்ர பிள்ளை சந்தையில கண்டுபிடிச்ச சட்டை. நான் வெட்டித் தைச்ச சட்டை. குளிருக்குப் போடுறன்.”

அம்மா மெல்லக் குனிந்து, உருண்ட கோவைக்காய்களை இடது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். நானும் குனிந்தேன். பிறகு அவரும் குனிந்தார். மூன்று பேரும் நிலத்தில்.

“எந்த இடம் அம்மா?” என்றார் அவர்.

“விசுவமடு. நீங்கள்?”

“தருமபுரம்.”

“பக்கத்திலதானே.”

“ஓம். பக்கத்தில.”

பை நிரம்பியதும் எழுந்து நின்றார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. நான் இந்த முறை அவர் முகத்தைப் பார்த்தேன். நரைத்த மீசை, வலது புருவத்தில் ஒரு பழைய வெட்டு, ஈரமான கண். அந்தக் கண் அம்மாவின் சட்டைக் கையில் நின்றுகொண்டிருந்தது.

“தொட்டுப் பாக்கலாமோ?” என்றார்.

அம்மா கையை நீட்டினார். அவர் இரண்டு விரலால் கைப்பட்டியைப் பிடித்தார். முதலில் நுனியை மட்டும். பிறகு, துணிக்கடையில் துணி பார்க்கிறவர்போல, பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

“மெல்லிசாத்தான் கிடக்கு” என்றார். “குளிருக்குத் தாங்குமோ?”

“உள்ளுக்குச் சுவெற்றர் போட்டாத் தாங்கும்” என்றார் அம்மா.